ரிப்போர்ட்டின் கடைசி வரி: நரம்பைப் பிடித்த புற்றும் ஷ்வான் செல்லும்

வாசகர் கேள்வி: அப்பாவுக்கு வயது 58. நாக்கின் இடது ஓரத்தில் வந்த புற்றுக்கு நான்கு வாரம் முன்பு ஆபரேஷன் ஆனது. கழுத்து நெறிக்கட்டிகளையும் எடுத்தார்கள். பேத்தாலஜி ரிப்போர்ட்டில் கட்டி 2.4 செ.மீ., ஆழம் 7 மி.மீ., வெட்டிய ஓரங்கள் சுத்தம், மிக நெருங்கிய ஓரம் 6 மி.மீ., 31 நெறிக்கட்டிகளில் எதிலும் புற்று இல்லை என்று இருக்கிறது. கடைசியில் ‘பெரிநியூரல் இன்வேஷன்: உள்ளது’, அதாவது புற்று நரம்பைப் பிடித்திருக்கிறது, என்று ஒரே ஒரு வரி. அதற்காக 30 தடவை ரேடியேஷன் வேண்டும் என்கிறார்கள். இணையத்தில் தேடினால், நரம்பைத் தாங்கும் ஷ்வான் செல்களே துரோகியாகிப் புற்றைக் கூட்டிக்கொண்டு போகின்றன, அவற்றை அடக்கினால் பரவாது, நரம்பில் புற்று இருந்தால் இம்யூனோதெரபி வேலை செய்யாது என்றெல்லாம் வருகிறது. அடக்கும் மருந்து கிடைக்குமா? அப்பாவுக்கு நாக்கின் இடது பாதியும் இடது காது மடலும் ஆபரேஷன் அன்றிலிருந்து மரத்திருக்கின்றன. போன வாரத்திலிருந்து கீழுதட்டிலும் மோவாயிலும் எறும்பு ஊர்வதுபோல் இருக்கிறதாம். நரம்புச் சத்து மாத்திரை வாங்கிக் கொடுக்கலாமா?

பதில்: கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, மோவாயில் எறும்பு ஊர்வதாக, அதிலிருந்தே தொடங்குகிறேன். மற்ற கேள்விகள் ஒரு வாரம் பொறுக்கும். இது பொறுக்காது.

நாக்கின் ஓரத்தை வெட்டி எடுக்கும்போது அந்தப் பக்கத்துக்கு உணர்ச்சி தரும் லிங்குவல் நரம்பின் கிளைகளும் சேர்ந்தே போகும். கழுத்தைத் திறந்து நெறிக்கட்டி எடுக்கும்போது காது மடலுக்குப் போகும் கிரேட் ஆரிகுலர் நரம்பு இழுபடும், சில சமயம் வெட்டுப்படும். ஆகவே நாக்கும் காது மடலும் மரத்துப் போனதற்குக் கணக்கு இருக்கிறது. மோவாய்க்கு இல்லை. அங்கே உணர்ச்சி தருவது கீழ்த்தாடை எலும்புக்குள் ஓடி வெளியே வரும் மென்டல் நரம்பு. வாய் வழியாகச் செய்யும் நாக்கு ஆபரேஷனில் அதைத் தொட வேண்டிய அவசியமே வராது. தாடை எலும்பைப் பிளந்து ஆபரேஷன் செய்திருந்தாலோ, ரேடியேஷனுக்குத் தயாராகக் கீழ்க் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியிருந்தாலோ காரணம் கிடைத்துவிடும். அறுபட்ட நரம்பு ஆறும்போதும் குறுகுறுப்பு வரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், பயந்துவிடாதீர்கள்.

ஆனால் இந்த இரண்டும் நடக்கவில்லையென்றால் இதை அலட்சியம் செய்யக் கூடாது. லிங்குவல் நரம்பும், மென்டல் நரம்பின் தாய் நரம்பும் ஒரே அடித்தண்டில் பிரிகிறவை. முகத்துக்கு உணர்ச்சி தரும் ட்ரைஜெமினல் நரம்பின் மூன்றாம் கிளை அது. நாக்கில் நரம்பைப் பிடித்த புற்று இருந்திருக்கிறது, இப்போது அதன் உடன்பிறந்த நரம்பின் பகுதியில் புதிதாக ஒரு தொந்தரவு என்றால், இரண்டும் சேரும் தண்டைப் பார்த்தே ஆக வேண்டும். இந்த வாரத்துக்குள், ரேடியேஷன் திட்டத்துக்கான சிடி எடுப்பதற்கு முன், ஆபரேஷன் செய்த டாக்டரிடம் ‘போன வாரம் புதிதாக ஆரம்பித்தது’ என்ற வார்த்தையோடு சொல்லுங்கள். ‘மரத்துப் போயிருக்கிறது’ என்று மட்டும் சொன்னால், ஆபரேஷன் மரமரப்பு என்று கடந்து போய்விட வாய்ப்பு உண்டு.

கேட்க வேண்டிய பரிசோதனை கான்ட்ராஸ்ட் கொடுத்து எடுக்கும் எம்ஆர்ஐ. கொழுப்பின் வெண்மையை மறைக்கும் முறையில், 3 மி.மீ. அல்லது அதற்கும் மெல்லிய துண்டுகளாக, மண்டையோட்டின் அடிப்பகுதி வரை படம் வர வேண்டும். மூன்றாம் கிளை ஃபோரமன் ஓவலே என்ற துளை வழியாகத்தான் மண்டைக்குள் போகிறது. நரம்பு தடித்திருக்கிறதா, கான்ட்ராஸ்டை உறிஞ்சிப் பளிச்சென்று தெரிகிறதா, துளை அகன்றிருக்கிறதா, துளையைச் சுற்றியுள்ள கொழுப்பு காணாமல் போயிருக்கிறதா, மெல்லும் தசைகள் ஒரு பக்கம் சூம்பியிருக்கின்றனவா என்று ரேடியாலஜிஸ்ட் பார்ப்பார். கோரிக்கைச் சீட்டில் ‘நாக்குப் புற்று, ரிப்போர்ட்டில் பெரிநியூரல் இன்வேஷன், மோவாயில் புதிய உணர்ச்சி மாற்றம்’ என்று எழுதியிருந்தால்தான் அவர் கண் அங்கே போகும். ‘வாய்ப் புற்று, ஃபாலோ அப்’ என்று மட்டும் எழுதினால் கழுத்தைப் பார்த்து முடித்துவிடுவது நடக்கிறது. பெட் ஸ்கேன் இதற்கு மாற்று ஆகாது. மெல்லிய நரம்பில் ஓடும் புற்று அதில் பெரும்பாலும் தெரியாது.

இனி ஷ்வான் செல்லுக்கு வருவோம்.

நரம்பு என்பது ஒற்றைக் கம்பி இல்லை. ஆக்ஸான் என்ற நீண்ட இழைகள் கட்டுக்கட்டாகச் சேர்ந்தது. அந்த இழைகளை நெடுகத் தாங்கிக்கொண்டிருப்பவை ஷ்வான் செல்கள்; 1839-ல் தியோடர் ஷ்வான் விவரித்ததால் வந்த பெயர். தடித்த இழையாக இருந்தால் ஒரு செல் அதன் ஒரு சிறு துண்டை, அதிகம் போனால் ஒரு மில்லிமீட்டர் நீளத்தை, பாய் சுருட்டுவதுபோல் பல சுற்றுச் சுற்றி மயலின் உறை போடும். அடுத்த துண்டுக்கு அடுத்த செல். வலியைக் கொண்டுபோகும் மிக மெல்லிய இழைகளுக்கு மயலின் கிடையாது. ஒரே ஷ்வான் செல் பல இழைகளைத் தன் மடிப்புகளுக்குள் வைத்துக் காக்கும்.

1850-ல் அகஸ்டஸ் வாலர் தவளையின் நாக்குக்குப் போகும் நரம்புகளை வெட்டி, வெட்டுக்கு அப்பால் உள்ள இழை சிதைந்து போவதைக் காட்டினார். அந்தச் சிதைவுக்குப் பிறகு ஷ்வான் செல் செய்வதுதான் நமக்கு முக்கியம். காயம் பட்டதும் அதற்குள் சி-ஜுன் என்ற புரதம் ஏறுகிறது. உறை போடும் வேலையை நிறுத்திவிட்டுப் பழுதுபார்க்கும் செல்லாக மாறுகிறது. தான் போட்ட மயலினைத் தானே அவிழ்த்துச் செரிக்கிறது. சிசிஎல்2 என்ற சமிக்ஞையை விட்டு மேக்ரோபேஜ் செல்களைக் கூப்பிட்டுக் குப்பையை அள்ளவைக்கிறது. நீண்டு மெலிந்து, மற்ற ஷ்வான் செல்களோடு வரிசை கட்டி ஒரு தடம் போடுகிறது. என்ஜிஎஃப், ஜிடிஎன்எஃப் போன்ற வளர்ச்சிக் காரணிகளைச் சுரக்கிறது. புதிதாக முளைக்கும் இழை அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு நாளுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் போகும். அப்பாவின் காது மடலில் மாதங்கள் கழித்து உணர்ச்சி திரும்பினால் அது இந்தத் தடத்தின் தயவு.

இந்த இடத்தில் முளைக்கும் இழைக்குப் பதில் புற்றுச் செல்லை வைத்துப் பாருங்கள். ஆள் மாறியது, தடம் மாறவில்லை. புற்றுக்கு அருகில் உள்ள ஷ்வான் செல்கள் காயம் பட்ட நரம்பில் இருப்பதுபோலவே சி-ஜுனை ஏற்றிக்கொண்டு வரிசை கட்டுகின்றன. அந்த வரிசைகளுக்கு இடையில் புற்றுச் செல்கள் நகர்கின்றன. கணையப் புற்றில் இதை 2022-ல் விரிவாகக் காட்டினார்கள். அதற்கு முன் 2016-ல் வெளியான ஆய்வு இன்னும் கண்ணுக்கு அருகில் காட்டியது. கண்ணாடித் தட்டில் புற்றுச் செல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாக உட்கார்ந்திருக்கின்றன. ஷ்வான் செல் தன் நீண்ட கையை நீட்டி ஒரு புற்றுச் செல்லைத் தொடுகிறது. கொத்துக்குள் கையை நுழைத்து அதைப் பிரித்து எடுக்கிறது. பிரிந்த செல் நரம்பின் பக்கம் நகர்கிறது. இரண்டும் தொட வேண்டும் என்பதுதான் இதில் முக்கியம். ஒட்டிக்கொள்ள உதவும் என்கேம்1 என்ற புரதத்தை ஷ்வான் செல்லிலிருந்து நீக்கிவிட்டால் இந்தக் காரியம் குறைந்துபோனது. சுரப்புகளும் தம் பங்கைச் செய்கின்றன: ஜிடிஎன்எஃப், புற்றுச் செல்லின் மேல் உள்ள ரெட் என்ற ஏற்பியைத் தட்டி நரம்பை நோக்கி இழுக்கிறது. கூப்பிட்ட மேக்ரோபேஜ்களோ கேதெப்சின் பி என்ற நொதியால் நரம்பின் உறையை அரித்துக் கொடுக்கின்றன.

துரோகி என்ற வார்த்தையை நான் எழுதமாட்டேன். காயத்துக்கு என்ன செய்யுமோ அதையேதான் அந்தச் செல் செய்கிறது. பழைய பாடப் புத்தகங்களில் புற்று நரம்போரமாகப் போவதற்கு ‘எதிர்ப்புக் குறைந்த பாதை’ என்று ஒரு விளக்கம் இருக்கும். அது பொருந்தவில்லை. நரம்புக் கட்டைச் சுற்றியுள்ள பெரிநியூரியம் இறுக்கமாகப் பின்னிய பல அடுக்கு வேலி. வழி தெரியாமல் சறுக்கி உள்ளே விழ முடியாது. கணையத்தில் இன்னும் ஒரு படி மேலே போகிறது: புற்று நரம்பைத் தேடிப் போகும் முன்பே, புற்றாக மாறிக்கொண்டிருக்கும் குழாய்களைச் சுற்றி ஷ்வான் செல்கள் வந்து நிற்பதை 2014-ல் கண்டார்கள்.

இதைப் படித்துவிட்டு ஷ்வான் செல் என்றாலே எதிரி என்று முடிவு கட்டிவிட வேண்டாம். குழந்தைகளுக்கு வரும் நியூரோபிளாஸ்டோமாவில் கதை தலைகீழ். அந்தக் கட்டியில் ஷ்வான் செல்கள் நிறைந்திருந்தால் பேத்தாலஜிஸ்ட் நல்ல செய்தி என்று எழுதுவார். அங்கே அவை முதிராத புற்றுச் செல்களை முதிர்ந்த நரம்புச் செல்லாக மாற உந்துகின்றன. 2021-ல் அதற்கான சுரப்புகளில் ஒன்றாக ஈஜிஎஃப்எல்8 என்ற புரதம் அடையாளம் காணப்பட்டது. அதே பழுதுபார்க்கும் குணம்தான், புற்றின் சாதி வேறு.

இதனால்தான் ‘அடக்கும் மருந்து’ என்ற கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிறேன்: ஷ்வான் செல்லை அடக்கிப் புற்றின் பரவலை நிறுத்துவதற்கென்று அனுமதி பெற்ற மருந்து எதுவும் கிடையாது. இணையத்தில் பெயர் சொல்லப்படும் மருந்துகள் இருக்கின்றன, குழப்பம் அங்கேதான். லாரோட்ரெக்டினிப் 2018-ல் அனுமதி பெற்றது; என்ஜிஎஃப் தட்டும் ட்ரக் ஏற்பியை அடைப்பது. ஆனால் அது என்டிஆர்கே மரபணு இன்னொன்றோடு ஒட்டிப் பிணைந்த புற்றுகளுக்கு மட்டும். நரம்பில் புற்று இருப்பதும் அந்தப் பிணைப்பு இருப்பதும் சம்பந்தமில்லாத இரண்டு விஷயங்கள். செல்பெர்காடினிப் ரெட்டை அடைக்கும். அதுவும் ரெட் மரபணு மாறிய புற்றுக்கு. என்ஜிஎஃப்பையே பிடித்துக் கட்டும் டனெசுமாப், மூட்டு வலிக்காகப் பல ஆண்டு சோதிக்கப்பட்டு, சிலருக்கு மூட்டு வேகமாகக் கெட்டுப்போனதால் 2021-ல் கைவிடப்பட்டது. என்ஜிஎஃப் உடம்புக்கு வேறு பல இடங்களில் தேவைப்படுகிறது. ஒரு சமிக்ஞையை அடைத்தால் அது இங்கே மட்டும் அடைபடாது.

நரம்பையே வெட்டிவிட்டால் என்ன என்றும் சிலர் கேட்கிறார்கள். எலிகளில், மூளையிலிருந்து வயிற்று உறுப்புகளுக்குப் போகும் வேகஸ் நரம்பை வெட்டியபோது இரைப்பைப் புற்று அடங்கியது. 2014-ல் வந்த முடிவு. அதே வேகஸை வயிற்றில் வெட்டியபோது கணையப் புற்று வேகமெடுத்தது, 2018-ல் வந்தது. ஒரே நரம்பு, இரண்டு உறுப்பு, இரண்டு விளைவு. போதாக்குறைக்கு, நரம்பை வெட்டுவதுதான் ஷ்வான் செல்லைப் பழுதுபார்க்கும் நிலைக்குத் தள்ளும் முதல் காரணமே.

சரி, ரேடியேஷன் தேவையா? அந்த ஒரு வரியை வைத்து மட்டும் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்ல முடியாது. அதற்குள் மறைந்திருக்கும் விவரங்கள் வேண்டும்.

புற்றுச் செல் நரம்பின் மூன்று உறைகளில் ஏதாவது ஒன்றுக்குள் இருந்தாலோ, உள்ளே போகாமல் நரம்பின் சுற்றளவில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை வளைத்து ஒட்டியிருந்தாலோ ‘உள்ளது’ என்று எழுதுவது பலர் பின்பற்றும் வழக்கம். பக்கத்தில் நிற்பது, லேசாகத் தொடுவது இதில் சேராது. ஆனால் ‘உள்ளது’ என்ற அதே சொல்லுக்குள், கட்டியின் நடுவில் முடியளவு நரம்பு ஒன்றைப் புற்று சூழ்ந்திருப்பதும், கட்டியின் விளிம்பைத் தாண்டி 1 மி.மீ.க்கு மேல் தடித்த நரம்புக்குள் ஓடியிருப்பதும் ஒன்றாக அடங்கிவிடுகின்றன. முன்னது கட்டியோடு சேர்ந்து வெளியே வந்துவிட்டது. பின்னது வெட்டிய ஓரத்துக்கு அப்பாலும் மிச்சம் இருக்கலாம், 6 மி.மீ. சுத்தமான ஓரம் என்பது நரம்பின் போக்கில் அவ்வளவு ஆறுதல் தராது, ஏனென்றால் ஓரத்தை அளப்பது சதையில், புற்று போவது நரம்பின் நீளத்தில்.

ஆகவே பேத்தாலஜிஸ்டிடம் கூடுதல் ரிப்போர்ட்டாக நான்கைக் கேளுங்கள்: பாதிக்கப்பட்ட நரம்புகளில் மிகப் பெரியதன் விட்டம் எத்தனை மி.மீ., ஓர் இடத்திலா பல இடங்களிலா, கட்டிக்குள்ளேயா விளிம்புக்கு வெளியேயா, வெட்டிய ஓரத்துக்கு அருகில் நரம்பு தெரிகிறதா. ஸ்லைடும் மெழுகு பிளாக்கும் ஆய்வகத்தில்தான் இருக்கும். திரும்பப் பார்ப்பதற்குப் புது ஆபரேஷன் வேண்டியதில்லை. வழக்கமான சாயத்தில் சந்தேகமாக இருந்தால் எஸ்-100 என்ற சாயம் போடுவார்கள். அது ஷ்வான் செல்லில் ஏறுவதால், புற்றுக்குள் புதைந்து அடையாளம் தெரியாமல் போன நரம்பு பழுப்பு நிறமாக எழுந்து நிற்கும். புற்றுக்கு வழிவிட்ட செல்லே சாட்சி சொல்லவும் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சின்ன நரம்பு, ஒரே இடம், கட்டிக்குள் என்றால், நெறிக்கட்டியும் ஓரமும் சுத்தமாக உள்ள உங்கள் அப்பாவைப் போன்ற ஒருவருக்கு ரேடியேஷன் தரலாமா கண்காணிக்கலாமா என்பதில் அனுபவமுள்ள டாக்டர்களே இரண்டு பக்கமும் நிற்பார்கள். அதைக் குழப்பம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், நியாயமான கருத்து வேறுபாடுதான். பல இடம், அல்லது தடித்த நரம்பு, அல்லது விளிம்புக்கு வெளியே என்றால் என் கருத்து தெளிவு: எடுத்துக்கொள்ளுங்கள். மோவாய்க் குறுகுறுப்புக்கு வேறு காரணம் கிடைக்காவிட்டால் அதற்கு மேல் விவாதம் தேவையில்லை.

30 தடவை என்பது பெரும்பாலும் 60 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு). தடவைக்கு 2 கிரே, வாரத்துக்கு 5 நாள், 6 வாரம். ஆபரேஷன் முடிந்து ஆறு வாரத்துக்குள் தொடங்குவது நல்லது. நான்கு வாரம் ஓடிவிட்டது. முகமூடி அச்சு எடுப்பது, திட்ட சிடி, பல் பரிசோதனை எல்லாம் மீதி இரண்டு வாரத்துக்குள் முடிய வேண்டும், அதற்கிடையில் எம்ஆர்ஐயும். பல் பிடுங்க வேண்டியிருந்தால் தள்ளிப்போடாதீர்கள். ரேடியேஷனுக்குப் பிறகு கீழ்த்தாடையில் பல் பிடுங்கினால் எலும்பு ஆறாமல் அழுகிப்போகும் ஆபத்து உண்டு.

ரேடியேஷன் டாக்டரிடம் கேட்க வேண்டியது: ‘நரம்பின் பாதை எவ்வளவு தூரம் திட்டத்துக்குள் வருகிறது?’ சிறு நரம்பு மட்டும் என்றால் கட்டி இருந்த இடமும் தேவையான கழுத்துப் பகுதியும் போதும்; மண்டையோட்டின் அடி வரை நீட்டினால் வீணாக உமிழ்நீர்ச் சுரப்பியும் மெல்லும் தசையும் கெடும், வாய் திறக்க முடியாமல் போகும். லிங்குவல் போன்ற பெயருள்ள நரம்பு பாதிக்கப்பட்டிருந்தாலோ, எம்ஆர்ஐயில் தெரிந்தாலோ, நரம்பின் போக்கிலேயே மேலே ஃபோரமன் ஓவலே வரை போக வேண்டும். இந்த முடிவு எம்ஆர்ஐ கையில் இல்லாமல் எடுக்கக் கூடாதது, அதனால்தான் திட்ட சிடிக்கு முன் என்று அழுத்திச் சொன்னேன்.

ரேடியேஷன் மிச்சப் புற்றுச் செல்லைக் கொல்வதோடு நிற்கவில்லை என்பதற்கு ஆய்வகத்தில் ஒரு தடயம் இருக்கிறது. 2012-ல் வெளியான ஆய்வில் நரம்பை மட்டும் தனியாகக் கதிர்வீச்சுக்கு உட்படுத்திவிட்டுப் பிறகு புற்றுச் செல்லோடு வைத்தார்கள். நரம்பு சுரக்கும் ஜிடிஎன்எஃப் குறைந்தது. புற்று நரம்பைப் பிடிப்பதும் குறைந்தது. ‘அடக்கும் மருந்து’ தேடுகிறவர்களுக்கு இன்றைக்குக் கையில் இருப்பதில் அதற்கு மிக அருகில் வருவது, பயந்து தள்ளிப்போடும் இந்த ரேடியேஷன்தான்.

கூடவே கீமோவும் வேண்டுமா என்று யாராவது சொன்னால்: நரம்பு விஷயம் மட்டும் அதற்குக் காரணம் ஆகாது. ஆபரேஷனுக்குப் பின் ரேடியேஷனோடு சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தைச் சேர்ப்பதைச் சோதித்த இரண்டு பெரிய ஆய்வுகள் 2004-ல் வந்தன. அவற்றைச் சேர்த்துப் பார்த்த 2005-ம் ஆண்டு அலசலில் பலன் தெளிவாகத் தெரிந்தது இரண்டு வகையினருக்கு: வெட்டிய ஓரத்தில் புற்று இருந்தவர்களுக்கும், நெறிக்கட்டியின் உறையைக் கிழித்து வெளியே வந்திருந்தவர்களுக்கும். அப்பாவுக்கு இரண்டும் இல்லை.

இம்யூனோதெரபி பற்றி நீங்கள் படித்தது, 2025-ல் நேச்சர் இதழில் வந்த ஆய்வின் தேய்ந்த நகலாக இருக்க வேண்டும். நரம்பைப் பிடித்த புற்றுச் செல்கள் மயலினைச் சிதைக்கின்றன; காயப்பட்ட நரம்பு தன்னைச் சரிசெய்ய இன்டர்லூக்கின்-6, டைப் 1 இன்டர்ஃபெரான் போன்ற அழற்சிச் சமிக்ஞைகளைக் கிளப்புகிறது. காயம் ஆறினால் அந்த அழற்சி அடங்கியிருக்கும். புற்று அங்கேயே உட்கார்ந்திருப்பதால் ஆறவில்லை. அழற்சி நாள்பட்டுப்போய், புற்றைத் தாக்க வேண்டிய நோய் எதிர்ப்பு அணுக்களான டி செல்களைச் சோர்வடையச் செய்கிறது. இம்யூனோதெரபியில் தரும் பிடி-1 தடுப்பு மருந்துக்குப் புற்று மசியாமல் போகிறது. எலிகளில் அந்தச் சமிக்ஞையை அடைத்தபோது மருந்து மறுபடி வேலை செய்தது. அருமையான வேலை. அதிலிருந்து ‘நரம்பில் புற்று இருந்தால் இம்யூனோதெரபி வேலை செய்யாது’ என்று முடிவுக்கு வருவது தவறு. மருந்தின் பலன் குறையலாம் என்பது ஒன்று, பலனே இருக்காது என்பது வேறு. இன்றைக்கு யாருக்கு அந்த மருந்து என்று முடிவு செய்வது புற்றின் நிலை, பிடி-எல்1 மதிப்பெண் (அந்தப் புரதம் கட்டியில் எவ்வளவு இருக்கிறது என்ற கணக்கு) போன்றவற்றை வைத்து. ரிப்போர்ட்டின் இந்த வரியை வைத்து யாருக்கும் மறுப்பதில்லை. கட்டியை முழுக்க எடுத்துவிட்ட அப்பாவுக்கு இப்போது எழும் கேள்வியும் இது இல்லை.

நரம்புச் சத்து மாத்திரை. ரத்தத்தில் பி12 அளவைப் பாருங்கள், குறைவாக இருந்தால் அதைச் சரிசெய்யுங்கள். சரியாக இருந்தால் கூடுதல் பி12 அறுபட்ட நரம்பை வேகமாக வளர்க்காது. கடையில் ‘நரம்புக்கு’ என்று விற்கும் கூட்டு மாத்திரைகளின் பட்டையைத் திருப்பி பி6 எத்தனை மி.கி. என்று படியுங்கள். தினம் 100 மி.கி., அதற்கு மேல் என்று மாதக்கணக்கில் விழுங்கினால் பி6 தானே நரம்பைக் கெடுக்கும். கையும் காலும் மரத்துப் போகும். அதைப் பார்த்து இன்னும் ஒரு மாத்திரை சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். வைட்டமின் ஈ விஷயத்தில் கண்டிப்பாகச் சொல்கிறேன், ரேடியேஷன் நடக்கும்போது வேண்டாம். தலை, கழுத்துப் புற்றுக்கு ரேடியேஷன் எடுத்த 540 பேரிடம் தினம் 400 யூனிட் வைட்டமின் ஈ கொடுத்துச் சோதித்தார்கள் (முதலில் பீட்டா கரோட்டினும் சேர்த்து, பாதியில் அதை நிறுத்தினார்கள்). ரேடியேஷனின் கடுமையான பக்கவிளைவுகள் குறையும் போக்கு தெரிந்தது உண்மை. அதே இடத்தில் புற்று திரும்புவது கூடும் போக்கு தெரிந்தது. பின்னால் வந்த கணக்கில் அந்தப் பிரிவில் இறப்பும் அதிகம். நரம்பு எரிச்சல் தாங்க முடியாமல் இருந்தால் அதற்கென்றே கபாபென்டின், ப்ரீகபாலின், டுலோக்செடின் இருக்கின்றன. டாக்டர் அளவு பார்த்துத் தருவார். சர்க்கரை இருந்தால் அதைக் கட்டுப்பாட்டில் வைப்பது எந்தச் சத்து மாத்திரையையும்விட நரம்புக்கு நல்லது.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு, எம்ஆர்ஐக்கு அடுத்தபடி நான் மதிப்பது அதைத்தான். மாதம் ஒரு முறை நல்ல வெளிச்சத்தில் அப்பாவை உட்கார வைத்துக் கண்ணை மூடச் சொல்லுங்கள். பஞ்சை மெல்லிய திரியாக முறுக்கி நெற்றி, கன்னம், மோவாய் என மூன்று இடத்தில் இடமும் வலமும் தொடுங்கள். ‘இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறதா’ என்று கேளுங்கள், ‘தெரிகிறதா’ என்று கேட்காதீர்கள். குறைவாகத் தெரியும் பகுதியின் எல்லையைத் தோலில் பேனாவால் வரைந்து, தேதியோடு ஒரு போட்டோ. ஆபரேஷனால் வந்த மரமரப்பு அப்படியே நிற்கும் அல்லது ஓரங்களிலிருந்து சுருங்கும். குறுகுறுப்பு வந்தாலும் இடம் மாறிக்கொண்டே போய் அடங்கும். புற்றால் வருவது புதிதாகத் தொடங்கும், ஒரு நரம்பின் எல்லைக்குள் விரியும், சில வாரத்தில் எரிச்சலோ பலவீனமோ சேரும்.

பிறகு கண்ணை இறுக்கி மூடுவது, பல்லைக் காட்டுவது, கன்னத்தை உப்புவது, வாயை அகலத் திறப்பது. திறக்கும்போது தாடை ஒரு பக்கம் புதிதாக ஒதுங்கினால் அந்தப் பக்கத்து மெல்லும் தசை தளர்ந்திருக்கலாம், அது மூன்றாம் கிளையின் பொறுப்பு. நாக்கை நீட்டும்போது இடப்பக்கம் கோணினால் பதற வேண்டாம், தழும்பு இழுப்பதால் பாதி நாக்கு எடுத்தவர்களுக்கு அப்படித்தான் இருக்கும். முதல் போட்டோவைவிடக் கோணல் கூடுகிறதா என்பதுதான் கேள்வி. கழுத்து ஆபரேஷனுக்குப் பிறகு இடது உதட்டோரம் கீழே இறங்காமல் சிரிப்பு கோணலாக இருந்தாலும் அது வேறு கணக்கு: அசைவு நரம்பு இழுபட்டதால் வருவது, பெரும்பாலும் சில மாதங்களில் திரும்பும்.

ரேடியேஷன் முடிந்து மூன்று நான்கு மாதத்தில் ஒரு எம்ஆர்ஐ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கதிர்வீச்சு பட்ட நரம்பு சில காலம் கான்ட்ராஸ்டில் பளிச்சென்று தெரியலாம். பிற்பாடு சந்தேகம் வந்தால் ஒப்பிட இந்தப் படம் வேண்டும். முதல் வருடம் ஒன்று முதல் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, இரண்டாம் வருடம் இரண்டு முதல் ஆறு மாதத்துக்கு ஒரு முறை டாக்டர் பார்க்க வேண்டும். போகும்போதெல்லாம் அந்தப் போட்டோக்களைக் கொண்டுபோய், தேதி வரிசையில் அவர் மேஜையில் வையுங்கள்.